டிரை ஹாப் போட்டால் கிராவிட்டி மாறாதா?

டிரை ஹாப் என்றால் நொதித்து முடிந்த பீரில் மணத்துக்காக ஹாப்ஸ் பூவைப் போடுவது; கிராவிட்டி என்பது தண்ணீரோடு ஒப்பிட்ட பீரின் அடர்த்தி, சர்க்கரை நொதிக்க நொதிக்க அது இறங்கும். 'ஹாப்ஸில் சர்க்கரையே கிடையாது; நொதித்து முடிந்த பேல் ஏல் பீரில் போட்டால் கிராவிட்டி அசையாது, நாலாம் நாள் பாட்டிலில் அடைக்கலாம்' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி ஏறக்குறைய சரி. வம்பு இரண்டாம் பாதியில்.

ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் உண்டு. கொதியில் போட்டால் அவை செயலிழந்துவிடும். ஆறிய பீரில் அப்படியே வேலை செய்யும். ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தின் உடைந்த துண்டுகளை) அவை சர்க்கரையாக நறுக்கிப் போட, ஈஸ்ட் மறுபடி கிளம்பும். 1.012இல் நின்றது பாட்டிலுக்குள் 1.010க்கு இறங்கினாலே சுமார் ஒரு வால்யூம் (பீரின் கொள்ளளவுக்குச் சமமான அளவு) கார்பன் டை ஆக்சைடு கூடும். பிரைமிங் (நுரைக்காக அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை) கணக்கு 2.4 வால்யூம் என்றால் கடைசியில் 3.4. திறந்ததும் பீய்ச்சும், மெல்லிய பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

20 லிட்டருக்கு 100 கிராம் பெல்லட் (அழுத்திய ஹாப்ஸ் வில்லை), 18 டிகிரி செல்சியஸில் மூன்று நாள்: மணத்துக்கு இது தாராளம். ஆனால் அடைக்கும் நாளை கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த மறுநொதிப்பில் வெண்ணெய் வாடை தரும் டயசெட்டிலும் உருவாகும். கொஞ்சம் பீரை மூடி, 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் வாடை அடித்தால் குளிரவைக்காமல் இன்னும் சில நாள் ஈஸ்ட்டோடு விடுங்கள்.