சவரனில் குதிரை செதுக்கியவர்

பழைய சவரன் காசு கையில் கிடைத்தால் பின்பக்கம் பாருங்கள். குதிரைமேல் புனித ஜார்ஜ், காலடியில் டிராகன். 1817-ல் லண்டன் நாணயச்சாலைக்காக வந்த சித்திரம். 1918-ல் பம்பாயில் அடித்த சவரனிலும் அதே குதிரைதான். செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. 1783-ல் ரோமில் பிறந்தவர்.

அவருக்குக் கைவந்தது சின்னக் கற்களில் உருவம் செதுக்குவது. எண்ணெயும் வைரப்பொடியும் தடவிய சின்னச் சக்கரம் சுழலும். கல்லை அதில் காட்டிக் காட்டித் தேய்த்து முகம் எடுக்க வேண்டும். நூலளவு கூடுதலாகத் தேய்ந்தால் போச்சு, ஒட்டவா முடியும்?

லண்டன் வந்த புதிதில், இயற்கை விஞ்ஞானி ஜோசப் பேங்க்ஸின் வீட்டில் பேங்க்ஸின் உருவத்தை மெழுகில் செய்துகொண்டிருந்தார் பிஸ்ட்ருச்சி. ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற பெரிய சேகரிப்பாளர் அங்கே வந்து, புராதன ரோமானிய வேலைப்பாடு என்று சொல்லி கல்லில் செதுக்கிய ஒரு ஃப்ளோரா (ரோமானிய மலர்த் தெய்வம்) தலையைப் பெருமையாகக் காட்டினார். பிஸ்ட்ருச்சி பார்த்ததும், "இது நான் செதுக்கியது" என்றார். ரோமில் போனெல்லி என்ற வியாபாரிக்குச் செய்து விற்றதாம். நைட் ஒப்புக்கொள்ளவில்லை. பிஸ்ட்ருச்சி பேங்க்ஸுக்கு இன்னொரு ஃப்ளோராவே செதுக்கிக் கொடுத்தார். அப்போதும் நைட் அசையவில்லை. கல் அதேதான், வேலை அதேதான். செய்தவன் உயிரோடு எதிரில் நிற்கிறான் என்பதுதான் அவருக்கு உறுத்தல்! ரசனை என்ற பெயரில் வயதுக்கு விலை கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை.

நாணயச்சாலையிலும் இதே கதை. வேலை கொடுத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள். தலைமைச் செதுக்குநர் பதவி மட்டும் அந்நியருக்குக் கிடையாது. 1828-ல் அது வில்லியம் வயானுக்குப் போனது. இவருக்குப் 'பதக்கத் தலைவர்' என்று ஒரு பட்டம். சரி, இவரும் லேசுப்பட்டவர் இல்லை. சாண்ட்ரி என்ற சிற்பி செய்த அரசர் சிலையைப் பார்த்து நாணயத்துக்கு நகலெடுக்கச் சொன்னபோது முடியாது என்றுவிட்டார்.

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றதற்கான பதக்க வேலையை 1819-ல் அவரிடம் ஒப்படைத்தார்கள், முடித்துக் கொடுத்தது 1849-ல். ஒரு பக்கம் வென்ற அணியின் நான்கு மன்னர்கள். மறுபக்கம் தளபதிகள் வெலிங்டனும் ப்ளூஹரும், சுற்றிலும் சரிந்து விழும் 19 அரக்கர்கள், போர் நடந்த வருஷத்துக்கு ஒருவராக. அதற்குள் அந்த நான்கு மன்னர்களும் போய்விட்டார்கள், ப்ளூஹரும் போய்விட்டார். பதக்கம் அடிக்கும் எஃகு அச்சைச் சூடேற்றித் தோய்த்தால் விரிசல் விடுமோ என்று பயந்து கடினப்படுத்தவே இல்லை. அதனால் பதக்கம் அடிக்கவும் முடியவில்லை, மென்மையான பொருளில் படி எடுத்ததோடு சரி.

சோம்பேறி என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதவியைத் தராமல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்ட இடத்தில், கையில் இருந்த ஒரே பிடி முடியாத அந்தப் பதக்கம்தான் என்று அவர் நினைத்திருப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் இழுத்தடித்திருப்பேன்.