சும்மா கிடந்த கிற்றார்

"சும்மா கிடந்தது தம்பி, ஒரு பிழையுமில்லை" எண்டு சொல்லித்தான் இந்த எலெக்ட்ரிக் கிற்றாரை வித்தவர். ஓம், சும்மாதான் கிடந்தது. கொட்டிலுக்குள்ள, உப்புக்காத்தில, எத்தினை மாரி கண்டுதோ! கம்பி முறுக்கிற ட்யூனரிலயிருந்து கம்பியின்ர மற்ற நுனியைத் தாங்கிற பிரிட்ஜ் மட்டும் ஒரே கறள். மூண்டு நாளாய் மண்ணெண்ணெய் விட்டும் ரெண்டு ஸ்குரூ அசையுதில்லை. நேத்தி வைக்காததுதான் குறை.

வொலியூமைத் திருப்பினால் அப்பளம் நொறுங்கிற சத்தம். கழட்டிப் பார்த்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற 250 கிலோ ஓம் பொட் இருக்கவேண்டிய இடத்தில ஆரோ ஒரு மகான் பழைய ரேடியோவில கழட்டினதைப் பத்தவைச்சிருக்கிறார். ஈயம் என்ன ஈயம், பனங்காய்ப் பணியாரம்!

கிற்றாரின்ர கழுத்தை நிமிர்த்த அலன் கீ, அதுதான் அந்த ஆறுமூலைத் திருகி, தேடி டவுனில ஏறி இறங்காத ஹார்ட்வெயர் கடையில்லை. எல்லாரிட்டையும் மில்லிமீட்டர். இதுக்கோ எட்டில ஒரு அங்குலம் வேணுமாம். 3 போட்டால் சும்மா சுத்துது, 3.5 உள்ளுக்கே போகுதில்லை. நான் என்ன, பல்லாலயே திருகிறது?

ஒருமாதிரிப் பூட்டி, புதுக் கம்பி போட்டு, முதலாம் கம்பியை மெல்ல முறுக்கிறன்... டங்! மூண்டாவது தரம். பிரிட்ஜில கம்பி குந்துற அதே சேடில், அதே கறள் விளிம்பு.

குசினிக்குள்ள இருந்து அம்மா: "உந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கியிருக்கலாம்." ஆடெண்டாலும் கத்தியிருக்கும்.