விதி என்று சொல்லி அவளை உட்கார வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கிரீஷ் கர்நாடின் 'அக்னியும் மழையும்' நாடகம் முடிந்து நடந்த கலந்துரையாடலைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அரங்கில் நான்காவது வரிசையில் இருந்தேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "நித்திலை ஏன் சார் கடைசிவரைக்கும் திரும்பி வரவே இல்லை?" என்று கேட்டாள். நித்திலை அந்த நாடகத்தில் கொலையாகும் வேட்டுவப் பெண். மேடையில் இருந்தவர், "அது அவ விதிம்மா. இதிகாசத்துல போய் சாதியைத் தேடக்கூடாது" என்றார். கைதட்டினார்கள். அந்தப் பெண் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கவனியுங்கள், அவள் சாதி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. முதலில் எடுத்தவர் அவர்தான்.

இரண்டு நாளாக அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லை. பொறுமையாக எழுத முயல்கிறேன்.

நித்திலை சாவது விதியால் இல்லை. 'அக்னியும் மழையும்' முழுவதையும் பார்த்துவிட்டு ஒருவர் எப்படி அப்படிச் சொல்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. கடைசிக் காட்சியில் இந்திரனே வந்து வரம் கேள் என்கிறான். அவளைக் காதலித்த பிராமண இளைஞன் அர்வசு, செத்த நித்திலையைத் திருப்பிக் கேட்கிறான். முடியாது என்று இந்திரன் சொல்லவில்லை. அதற்குக் காலத்தையே திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் பேயாய் அலைந்து விடுதலைக்கு ஏங்கும் பிரம்மராட்சசன் குறுக்கே வருகிறான். காலம் திரும்பினால் தன் விடுதலை போய்விடும் என்று கெஞ்சுகிறான். நித்திலையின் இரக்க குணத்தைச் சொல்லியே அர்வசுவை இளக வைக்கிறான். அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. ஊருக்கு மழை கிடைக்கிறது. அவள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறாள். மாற்ற முடிந்ததை மாற்றாமல் விட்டுவிட்டு அதற்கு விதி என்று எப்படிப் பெயர் வைப்பது?

சரி, இதிகாசம் என்கிறாரே, அதையே பார்ப்போம். வன பர்வத்தில் தீர்த்த யாத்திரை போகும் வழியில் லோமச முனிவர் தர்மனுக்குச் சொல்லும் யவக்ரீதன் கதை இது. கல்லூரி நாளில் ராஜாஜியின் மகாபாரதச் சுருக்கத்தில் இதைப் படித்ததாக கிரீஷ் கர்நாடே எழுதியிருக்கிறார். அதில் யவக்ரீதன் கொல்லப்படுகிறான். அவன் தகப்பன் பரத்வாஜர் துக்கம் தாங்காமல் தீயில் இறங்குகிறார். அர்வசுவின் தகப்பன் ரைப்யர் தன் இன்னொரு மகன் பராவசு கையாலேயே சாகிறார். கடைசியில் தேவர்கள் தரும் வரத்தால் செத்த மூன்று பேரும் எழுந்து வருகிறார்கள். தகப்பனைக் கொன்ற பராவசுவின் பாவம்கூடக் கழிந்துவிடுகிறது. அங்கே நித்திலை என்று ஒருத்தியே கிடையாது. வேட்டுவப் பெண்ணான அவளைக் கர்நாட்தான் கதைக்குள் கொண்டுவந்தார். ரிஷிகளின் வீடுகளில் மட்டும் சாவு விழுந்த கதையில் வரம் எல்லோரையும் எழுப்புகிறது. எழுப்ப வேண்டியவள் வேட்டுவச்சியாக இருந்த கதையில் அதே வரம் வேறு பக்கம் போய்விடுகிறது. கர்நாட் இதை யோசிக்காமலா எழுதியிருப்பார்? அந்தப் பெண் கேட்டாளே, அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றுதானே எழுதியிருப்பார்!

இதிகாசத்தில் சாதியைத் தேட வேண்டியதே இல்லை. அது வாசலிலேயே நிற்கிறது. யவக்ரீதன் உயிருக்குப் பயந்து ஓடிவந்து தகப்பனின் அக்னிசாலைக்குள் நுழையப் பார்க்கும்போது அவனைத் தடுத்துப் பிடிப்பவன் பார்வையில்லாத ஒரு சூத்திரக் காவல்காரன். வியாசர் அவனுடைய வர்ணத்தைச் சொல்கிறார், பெயரைச் சொல்லவில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு நண்பர் நேற்று கேட்டார். காரணம் இருக்கிறது. என் அப்பா கூத்துக்காரர். செய்யாறு பக்கம் முப்பது வருஷம் பெண் வேஷம் கட்டியவர். 'கர்ண மோட்சம்' என்றால் அவர்தான் பொன்னுருவி. பார்த்தவர்களுக்குத் தெரியும், போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருவான். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று அவள் அவனைப் பக்கத்திலேயே அண்டவிட மாட்டாள். பிறப்பைச் சொல்லிச் சொல்லி ஏசுவாள். அப்பா அந்த இடத்தில் பேசும் பேச்சுக்குக் கூட்டம் மூச்சுவிடாது. ஒருமுறை, "எங்கப்பா கத்துக்கிட்ட இதையெல்லாம்?" என்று கேட்டேன். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "வாத்தியார் பாட்டுதான் சொல்லிக் குடுத்தாரு. ஏசுறத யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார்.

விடிய விடிய கர்ணனுக்காக அழுத ஊர் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். காலையில் ஆட்டத்துக்குப் பேசிய பணத்தை வாங்கப் பெரியவர் வீட்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். அவர் கண் அப்போதும் சிவந்திருந்தது. உண்மையாகவே அழுதிருந்தார். பணத்தை அப்பா கையில் தரவில்லை. திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அப்பா குனிந்து எடுத்தார். எனக்குப் பதினோரு வயது.

பிறகு பல வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பெரியவர் தேரோட்டி மகனுக்காக அழவில்லை. குந்தி பெற்ற ராஜகுமாரன் தேரோட்டி மகன் என்று ஏச்சு வாங்கிச் செத்தானே என்று அழுதார். கர்ணன் நிஜமாகவே அதிரதனுக்கும் ராதைக்கும் பிறந்த பிள்ளையாக இருந்திருந்தால் அந்த ஊர் அழுதிருக்குமா? பீமன் அவனைப் பார்த்துச் சாட்டையை எடுத்துக்கொண்டு போ என்றது சரிதானே என்று எழுந்து போயிருக்கும். கர்ணனுக்காவது கவசமும் குண்டலமும் சூரியனும் இருந்தார்கள். நித்திலைக்கு அப்படி எதுவும் கிடையாது. அவள் வேட்டுவப் பெண்தான், கடைசிவரை வேட்டுவப் பெண்தான். அதனால்தான் அவளுக்காக அழ நமக்கு வரவில்லை. விதி என்று சொல்லிவிட்டு எழுந்து காபி குடிக்கப் போகிறோம்.

அர்வசு நடிகனாக ஆசைப்பட்டால் ஏன் சாதியை விட வேண்டியிருக்கிறது என்பதையும் அந்த மேடையில் யாரும் பேசவில்லை. நாட்டிய சாஸ்திரத்தின் கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். முனிவர்களைக் கேலி செய்து நடித்ததற்காகப் பரதரின் பிள்ளைகள் சூத்திரர்களாகும்படி சபிக்கப்படுகிறார்கள். நாடகக் கலையின் மூலநூலே இந்தக் கதையோடுதான் முடிகிறது. நாடகத்தைப் பற்றிப் பேச மேடையேறியவர் அதில் சாதி பார்க்காதே என்கிறார்.

இப்போது பின்னூட்டத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "நித்திலையைக் கொன்றது அவள் புருஷன்தானே, அவள் கூட்டத்து ஆள்தானே, இதில் மேல்சாதி எங்கே வந்தது?" நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கத்தி அவள் புருஷன் கையில்தான் இருந்தது. அவள் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, அதுவும் கொடூரமானதுதான். ஆனால் அவள் ஏன் அவனுக்குக் கட்டிவைக்கப்பட்டாள்? பெரியவர்கள் முன்னால் வந்து பெண் கேட்க வேண்டிய அர்வசு நேரத்துக்கு வரவில்லை. யவக்ரீதனின் உடலை எரிக்க நின்றுவிட்டான். தன் ஆட்களின் பிணத்துக்கு நேரம் ஒதுக்கியவனுக்கு அவளுக்கு நேரம் இல்லாமல் போனது. பிறகு அதே அர்வசு அடிபட்டுக் கிடந்தபோது, தாலி கட்டியவனை விட்டுவிட்டு வந்து அவனைத் தேற்றியவள் அவள். அதற்காகத்தான் கழுத்தை அறுத்தார்கள். விருத்தாசலம் பக்கம் 2003இல், சாதி மாறிக் கல்யாணம் செய்த கண்ணகியையும் முருகேசனையும் கொன்றது உங்களுக்கே தெரியும். அங்கேயும் பெண்ணைக் கொன்றது பெற்றவனும் கூடப்பிறந்தவனும்தான். அதனால் அது சாதிக் கொலை இல்லை என்று ஆகிவிட்டதா? 2021இல் தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. அந்தப் பெண்ணையும் விதி என்று சொன்னவர்கள் இருந்தார்கள், என் சொந்தக்காரர்களிலேயே இருந்தார்கள்.

"கர்நாட் எந்தச் சாதி தெரியுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

"கலையைக் கலையாகப் பாருங்கள்." பார்க்கிறேன் ஐயா. உங்களைவிடப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். திரைச்சீலைக்குப் பின்னால் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். முகவீணைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கலையைக் கலையாகப் பார் என்று சொல்கிறவர்கள் திண்ணையில் வைத்த பணத்தைக் குனிந்து எடுத்ததில்லை.

பத்து வருஷம் தவம் செய்து இந்திரனைப் பார்த்த யவக்ரீதன் நான்கு சொட்டு மழையைக் கேட்டிருக்கக் கூடாதா என்று நாடகத்தில் கேட்பவள் நித்திலை. அத்தனை வேதம் படித்த வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கேட்ட பெண்ணும் அதே மாதிரி ஒரு எளிய கேள்வியைத்தான் கேட்டாள்.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. கைதட்டியபோது நான் தட்டவில்லை, ஆனால் எழுந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. மேடையில் இருந்தவர் எனக்குத் தெரிந்தவர், மூத்தவர், சபையில் எதற்கு என்று இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அவள் தோழியோடு நின்றிருந்தாள். "நான் கேட்டது தப்பாடி?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. போய்ச் சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவளைத் தெரிந்தவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் யாராவது இருப்பீர்கள். தப்பில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.