வெட்டின துவக்கும் கழற்றின துவக்கும்

முழுதாக இருக்கிற பழைய ராணுவத் துவக்கு ஒன்றைக் கழற்றி, போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற இரும்பு) ஒருவருக்கு, மகசீன் (தோட்டாப் பெட்டி) இன்னொருவருக்கு, மரக்கட்டை வேறொருவருக்கு என்று பிரித்து விற்கிறார்கள். இது இப்போது இங்கே கனடாவில் சாதாரணமாக நடக்கிறது. முழுத் துவக்குக்குக் கிடைக்கிற விலையை விடப் பாகங்களாக விற்றால் கூடக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் 80 வருடம் பிரியாமல் இருந்த ஒன்றை ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் பிரித்துவிடுகிறார்கள், அது திரும்ப ஒருநாளும் ஒன்றுசேராது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் கதை. என்னிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 என்கிற பிரிட்டிஷ் வகை ராணுவத் துவக்கு. ஊரில் நாங்கள் 303 என்று சொல்லுவோமே, அந்தக் குடும்பம். சின்ன வயதில் பொலிஸ்காரர் தோளில் தொங்கியதைப் பார்த்துப் பயந்த அதே சாமான். என்னுடையதன் இடது பக்கத்தில் 'லோங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கிறது. லோங் பிராஞ்ச் தொழிற்சாலை நான் இருக்கிற மிசிசாகாவில்தான், லேக்ஷோர் வீதியில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1940இல் கட்டத் தொடங்கி, 1941இல் முதல் துவக்குகள் வெளியே வந்தன. ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். இன்று அங்கே பரிசோதனைக் கட்டிடம் மிஞ்சியிருக்கிறது, அதை நகரசபை கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறது. மகளின் ஓவியக் கண்காட்சிக்காக அங்கே போனபோதுதான் எனக்கு இந்த விஷயமே தெரியவந்தது. நான் தொழிலால் லேத் மெஷின்காரன். இதே ஊரில், என்னைப் போல ஷிப்ட் வேலைக்கு வந்துபோன பெண்கள் கையால் அளந்து பார்த்து முத்திரை குத்திய இரும்பு என்றதும் மனம் அதிலேயே நின்றுவிட்டது.

பாதுகாப்புப் பாடம் படித்து, சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்த பிறகு நான் வாங்கியது ஒரு 'வெட்டின' துவக்கு. போர் முடிந்ததும் இவை மிச்சச் சரக்காகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, பாரம் குறையட்டும் என்று முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மேலே மூடுகிற கட்டைகளையும் வளையங்களையும் கழற்றி எறிந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அது மலிவான வேட்டைத் துவக்கு, குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்த சாமான். என் அதிர்ஷ்டம், குழலை யாரும் வெட்டவில்லை. குழல் முழுதாக இருந்தால் மற்றதெல்லாம் தேடிச் சேர்க்கலாம்.

தேடினேன், மூன்று வருடம். நீளமான முன்கட்டை ஒன்று, அதை மூடுகிற மேல்கட்டைகள் இரண்டு, இரும்பு வளையங்கள் மூன்று. லோங் பிராஞ்சில் செய்த பாகங்களில் சின்னதாக 'எல்பி' என்று குத்தியிருக்கும். அமெரிக்காவில் சவேஜ் கம்பனி செய்த அதே நம்பர் 4இன் பாகத்தில் சதுர வடிவ 'எஸ்' இருக்கும். பெரும்பாலான பாகங்கள் யார் செய்த துவக்குக்கும் பொருந்தும், பட்டாளத்துக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் எனக்கு இந்த ஊரில் செய்ததே வேண்டும் என்று பிடிவாதம். முன்கட்டை பழைய களஞ்சியச் சரக்கு, கிறீஸ் பூசின கடதாசியில் சுற்றினபடி, ஒருநாளும் பாவிக்காதது. அதைப் பொருத்துவதுதான் கஷ்டம். பின்முனை இரும்போடு இறுகி உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் சுடும்போது கட்டை பிளக்கும், குறியும் தவறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து, ஒரு முழு மாரிகாலம் போனது. பிறகு ஆளிவிதை எண்ணெய், கையால் தேய்த்துத் தேய்த்து.

போல்ட் விஷயத்தில்தான் ஏமாந்தேன். துவக்கிலும் அதன் போல்ட்டிலும் ஒரே தொடர் இலக்கம் குத்தியிருக்கும். என் துவக்கோடு வந்த போல்ட் வேறு இலக்கம். ஒருவர், பெயர் வேண்டாம், 'உங்கள் இலக்கத்துக்கே பொருந்துகிற போல்ட் இருக்கிறது' என்று எழுதினார். நான் ஏற்கெனவே படம் போட்டிருந்ததால் என் இலக்கம் அவருக்குத் தெரியும். வந்ததும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியின் பின்புறத்தில் பழைய இலக்கத்தை உரசி அழித்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். மெஷின் வேலை செய்கிறவன் கண்ணுக்கு உரசின தடம் உடனே தெரியும். எழுத்தின் வடிவமும் வேறு.

பட்டாளத்திலும் போல்ட்டை மாற்றினார்கள்தான். தேய்ந்தால் வேறு எடுத்துப் போடுவார்கள். ஆனால் அங்கே ஆயுதத் திருத்துநர் பழைய இலக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைக் குத்துவார். இரண்டையும் இன்றும் வாசிக்கலாம். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று அந்தக் கோடு சொல்லும். உரசி அழிக்கிறவன் அந்த இரண்டையும் சேர்த்துத் திருடுகிறான். அந்த போல்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இலக்கம் பொருந்தாத பழைய போல்ட்டே இன்றும் என் துவக்கில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

இதில் உயிர் விஷயமும் இருக்கிறது. வேறு துவக்கின் போல்ட்டைப் போட்டால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறும். அதைச் சரிக்கட்டத்தான் நம்பர் 4க்கு 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் போல்ட் தலை செய்தார்கள். தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து அளவுகோல் வைத்துப் பார்க்காமல் ஒரு வெடிகூட வைக்கக்கூடாது. இலக்கம் பொருந்துகிறது என்று நம்பி, பொய் இலக்கம் குத்தின போல்ட்டோடு ஒருவர் அளக்காமல் சுட்டால் என்ன ஆகும்? விற்றவர் அதை யோசித்தாரா?

'நீயும் பாகம் வாங்கித்தானே சேர்த்தாய், உனக்கு விற்றவன் எங்கே கழற்றினான்?' என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, சில நாள் நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு வாங்குவதற்கு முன் கேட்கத் தொடங்கினேன். களஞ்சியச் சரக்கா? குழல் துருப்பிடித்துக் கெட்ட துவக்கிலிருந்தா? கடேற் (மாணவர் படை) பயிற்சி, அணிவகுப்புப் பயிற்சி என்று, பயிற்சிக்கு மட்டும் என்று அர்த்தப்படுகிற 'டிபி' குத்தி, சுட முடியாதென்று ஒதுக்கினதிலிருந்தா? அப்படியென்றால் கட்டையும் வளையமும் சந்தோஷமாக வாங்குவேன், போல்ட் மட்டும் தொடமாட்டேன். 'நல்ல துவக்குத்தான், போன கிழமை கழற்றினேன்' என்றால் வேண்டாம். ஒருமுறை நடு வளையம் ஒன்றை, எட்டு மாதம் தேடினதை, இப்படி விட்டுவிட்டேன். நாங்கள் வாங்காவிட்டால் அவர்கள் கழற்றமாட்டார்கள், இது என் உறுதியான எண்ணம்.

கனடிய ரேஞ்சர்கள், அதாவது தூரப் பிரதேசங்களைக் காவல் பார்க்கிற துணைப்படையினர், வடக்கே அந்தக் குளிரில் 2010களின் பிற்பகுதி வரைக்கும் இதே நம்பர் 4ஐத்தான் வைத்திருந்தார்கள். மாற்றவேண்டி வந்ததற்கு ஒரு முக்கிய காரணம் உதிரிப்பாகம் கிடைக்காதது. பாகம் அவ்வளவு அரிதாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் முழுதாக மிஞ்சியிருப்பதை உடைப்பது எனக்கு மன்னிக்கக்கூடியதாகத் தெரியவில்லை. வெட்டினதைச் சேர்த்துக் கட்டுங்கள், ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சேர்த்துக் கட்டினதென்று வெளியே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் துவக்கின் அடிக்கட்டையில், எண்ணெய்ப் போத்தல் வைக்கிற பொந்துக்குள் ஒரு துண்டுக் கடதாசி சுருட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பாகம் எந்த வருடம், எங்கிருந்து வந்தது, எது அசல், எது பிறகு சேர்த்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறது. எனக்குப் பிறகு வாங்குகிறவர் அதை வாசிக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. குறிபார்க்கிற பின்பக்கப் பாகம், பின் குறி, லோங் பிராஞ்சில் செய்ததாக வேண்டும், இப்போது இருப்பது இங்கிலாந்தில் செய்தது. வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், அது எதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து.