வைரம் இரண்டு நாடுகளிலும் கிடைத்தது

கனிம வளம் இருந்தால் நாடு தானாக முன்னேறிவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனிலும் வைரம் உண்டு. 1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குத்தான் அது தீனி போட்டது. ஆப்பிரிக்காவின் தெற்கில் இருக்கும் போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது அங்கே தார்ச்சாலை என்பதே அபூர்வம். மறு ஆண்டு ஒராப்பாவில் வைரம் கிடைத்தது, அதுவும் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலப்பகுதியில்! ஆனாலும் இனக்குழுக்களின் கனிம உரிமையை அவருடைய அரசு சட்டம் போட்டு நாட்டுக்கே பொதுவாக்கியது. அங்கே சுரங்கம் நடத்திய டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்திடம் விடாமல் பேசி, சுரங்கத் தொழிலில் அரசுக்கு இருந்த 15 சதவீதப் பங்கை 1970களிலேயே 50 ஆக்கினார்கள். அந்த வருமானம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. வேறு தொழில்களைப் போதுமான அளவு வளர்க்காததால் இப்போது வைர விற்பனை சரிந்ததும் திண்டாடுகிறார்கள், அது உண்மையான குறைதான்.