ஜி.எம்.ஆர்.டி.யில் நேரம் இந்தியருக்கு மட்டுமா?

பூனேக்கு வடக்கே இருக்கிற ஜி.எம்.ஆர்.டி. ரேடியோத் தொலைநோக்கியில் வானத்தை அவதானிக்க இந்தியருக்கு மட்டும்தான் நேரம் கொடுப்பார்கள், இலங்கையின் பம்பைமடு, அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாக மாணவர்கள் விண்ணப்பிக்கவே ஏலாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, அது சரியில்லை.

45 மீற்றர் விட்டமுள்ள 30 அன்ரனாக்களைக் கொண்ட அந்த நிலையத்தை நடத்துவது இந்தியாவின் என்.சி.ஆர்.ஏ. என்ற ரேடியோ வானியல் ஆய்வு நிறுவனம்தான். ஆனால் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஏப்ரல்–செப்டெம்பர், ஒக்டோபர்–மார்ச் என்று வருடத்துக்கு இரண்டு சுற்று. நேர ஒதுக்கீட்டுக் குழு பார்ப்பது ஆய்வின் தரத்தை.

நீங்களே சரிபார்க்கலாம். என்.சி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் நடப்புச் சுற்றுக்கான அழைப்பைத் திறந்து, யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியை வாசியுங்கள். பிறகு அவர்களின் தரவுக் காப்பகத்தில் பழைய அவதானிப்புகளைத் தேடுங்கள். முதன்மை ஆய்வாளர்களில் வெளிநாட்டவர் பலர் இருப்பார்கள்.

போட்டி கடுமைதான், அதை மறைக்கவில்லை. எந்த அலைவரிசைப் பட்டை, எத்தனை மணித்தியாலம், இலக்கு எவ்வளவு மங்கல் என்ற கணக்கு பிழைத்தால் நல்ல யோசனையும் விழுந்துவிடும். அளவுதிருத்த மூலங்களை, அதாவது அளவீட்டைச் சரிசெய்யப் பார்க்கிற நன்கு தெரிந்த வான்பொருட்களை, பார்க்கும் நேரத்தைச் சேர்க்க மறப்பதும் அடிக்கடி நடக்கிற பிழை. அதையும் சேர்த்தே மணித்தியாலம் கேட்கவேண்டும்.