பிரிண்ட் எடுக்கப் போனால் வைரஸ் இலவசம்

மும்பை மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மகளின் ப்ராஜெக்டை பிரிண்ட் எடுக்க பென்டிரைவ் கொடுத்தேன். இரண்டே நிமிஷம்தான். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறது. இது மூன்றாவது தடவை!

பென்டிரைவைச் செருகியதுமே அதிலிருக்கும் புரோகிராம் தானாக ஓடும் ஆட்டோரன் பிரச்சினையை மைக்ரோசாஃப்ட் 2011-லேயே பழைய விண்டோஸ்களான எக்ஸ்பி, விஸ்டாவுக்குக்கூட அப்டேட் கொடுத்து அடக்கிவிட்டது. ஆனால் இந்த ஷார்ட்கட் வைரஸுக்கு ஆட்டோரன் தேவையே இல்லை. நிஜ ஃபோல்டரை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நாம் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். அதனால் பாதிப் பேருக்குத் தொற்றியதே தெரிவதில்லை. தெரியாமல் அடுத்த கடைக்கும் ஆபீசுக்கும் கொண்டுபோகிறார்கள்.

நான் எதையும் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன் செய்தேன். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டில் மறைத்ததைத் திரும்பக் காட்டவைக்கும் அட்ரிப் (attrib) கட்டளை கொடுத்து ஃபைல்களை வெளியே எடுத்தேன், கடைசியில் ஃபார்மேட். ஒரு மாலை முழுக்கப் போச்சு. குழந்தை அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாள் முழுக்க ஊரார் பென்டிரைவை வாங்கிச் செருகுகிற கடைக்காரர், விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸை ஏன் அணைத்து வைக்கிறார்? கேட்டால், "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுது" என்கிறார். இனி பிடிஎஃப்பை மெயிலில்தான் அனுப்பப் போகிறேன்.